இரண்டு இறக்கைகளும் ஒரு திருப்புளியும்

விமான இறக்கைக்குத் துணி தைக்கிற தொழிலில் ஒரே ஒரு நிம்மதி உண்டு: கை இறுக்குது, கழுத்து இறங்குது என்று எந்த இறக்கையும் திரும்பி வந்து வாசலில் நிற்காது.

மற்றபடி எல்லாம் அதே பாடுதான். தீபாவளிக்கு முதல் நாள் ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து நீட்டி, "சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்" என்று போகிறவர்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் தையல்காரச் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

எழுபதுகளில் நடந்தது இது. ஒரகடத்துக்குப் பக்கத்தில், வல்லம் வடகால் போகிற வழியில் ஒரு பழைய வேர்க்கடலைக் கிடங்கு இருந்தது. அதற்குள் யுத்த காலத்துப் பயிற்சி விமானம் ஒன்று எலும்பும் தோலுமாகக் கிடந்தது. மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி. ஊர்க்காரர்கள் அதற்கு 'ரெண்டு ரெக்கை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். இறக்கைக்கு உள்ளே மரச்சட்டம். மேலே மூடியிருப்பது தகரம் இல்லை, வெறும் துணி. அதனால்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

"எடை எவ்வளவு?"

தேடி வந்தவர் கோதண்டபாணி, மணிமங்கலத்துக்காரர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சார்ஜெண்ட். மாதா கோயில் தெருவில் என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். நான் தைத்துப் போட்டிருந்த பள்ளிக்கூடச் சட்டை ஒன்றை எடுத்து, தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. உடனே, "உன் எடை எவ்ளோம்மா?" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், தெருவுக்கே தெரியும். "நீங்க தையல் கடைக்கு வந்தீங்களா, கறிக்கடைக்கு வந்தீங்களா?" என்று கேட்டேன். மனுஷன் அசரவே இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விமானத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். துணி மூடின சாமான் எப்படி மேலே போகும், காற்றில் கிழியாதா, மழையில் நனையாதா என்று நான் கேட்க, அவர் சொல்ல, கேட்டுக் கேட்டே வேலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன். என் ஆவல்தான் எனக்கு எப்போதும் எதிரி.

அவர் கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்து, எடையை எதற்குக் கேட்டீர்கள் என்றேன். மாதா கோயில் மணிக்கூண்டில் ஒரு தடவை ஏறிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி வந்தவள் நான். அந்த விஷயம் அவருக்குத் தெரியாது. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் சொன்னார்: "எங்க பட்டறைல ஒரு பழக்கம் கீது. தெச்சவங்கதான் மொத தபா முன்சீட்டுல குந்திகினு போவணும்."

மார்கழி வரைக்கும்

ரெண்டு ரெக்கைக்குச் சொந்தக்காரர் ஒரு பழைய விமானி; எல்லோருக்கும் அவர் கேப்டன். அறுபதை நெருங்கியவர். வாலிபத்தில் பறக்கக் கற்றுக்கொண்டது இதே மாதிரி விமானத்தில்தானாம். ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்டதை வாங்கி, விமானம் ஓடி ஏற வசதியாக மேய்ச்சல் பொட்டல் பக்கத்திலேயே கிடங்கையும் வாடகைக்குப் பிடித்திருந்தார். ஆனால் அவருக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் கடைசியாக ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். லைசென்ஸ் மார்கழியோடு முடிகிறது. அதற்குள் தயாரானால் அவர் ஓட்டலாம். ஆகாவிட்டால், இத்தனை பாடும் பட்டு வேறு யாரோ ஓட்டுவதைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வேற பைலட் ஓட்டினா என்ன சார்? நாம செஞ்சது பறந்தா சந்தோஷம்தானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பிலோமினா, நீங்க தெச்ச கல்யாண ஜாக்கெட்டை வேற ஒருத்தி போட்டுக்கிட்டா சந்தோஷம்தான். உங்க கல்யாண ஜாக்கெட்டையே வேற ஒருத்தி போட்டுக்கிட்டா?"

இடதுகைக்காரி

முதல் வேலை, பழைய துணியைப் பிரிப்பது. இறக்கைக்குள் நம் விலா எலும்பு மாதிரி குறுக்கே வரிசையாக மரச்சட்டங்கள். தலையணைக்கு உறை போடுகிற மாதிரி துணியைத் தைத்து இறக்கையின் மேல் இழுத்துவிட வேண்டும். பிறகு முழ நீள ஊசியில் மெழுகு நூலைக் கோத்து, ஒவ்வொரு சட்டத்தோடும் துணியைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். இந்தப் பக்கம் நான் ஊசியைக் குத்தினால், அந்தப் பக்கம் ஒருவர் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். கேப்டனே கால் மடக்கி உட்கார்ந்து ஊசி வாங்குவார். முதல் நாள் நான் குத்தின வேகத்தில் அவர் விரலில் இரண்டு இடத்தில் ரத்தம்.

அந்தப் பழைய முடிச்சுகளைப் பிரிக்கும்போது எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. என் கை போகிற வழியில் எதுவுமே அவிழவில்லை. எல்லாம் எதிர்ப் பக்கமாகச் சுற்றியிருந்தது. சாப்பிடும்போது கையில் நூலை வைத்துக்கொண்டு போட்டுப் போட்டுப் பார்த்தேன். சட்டென்று விளங்கிவிட்டது. தைத்தவள் இடதுகைக்காரி. ஆணாகவும் இருக்கலாம், ஆனால் எனக்கு மனதில் அவள்தான் வந்தாள். எந்த ஊரோ, எந்தப் பட்டறையோ, யுத்த காலத்தில் யார் அவளை அவசரப்படுத்தினார்களோ. ஓர் இடத்தில் மட்டும் முடிச்சு தளர்ந்து, அதன் மேலேயே இன்னொரு முடிச்சு. அந்த நேரத்தில் அவளுக்கு என்ன கஷ்டம்? வீட்டில் சண்டையா, இல்லை ஏதாவது செய்தி வந்ததா? யோசித்து யோசித்து அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

இதையெல்லாம் சார்ஜெண்டிடம் சொன்னேன். அவர் முடிச்சை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "யாரா இருந்தா இன்னா? அது தெச்சது இத்தினி வருஷமா பிரியல. நீ மொதல்ல ஒரு மாசம் தாங்கறாப்பல தெச்சிக் காட்டு."

வாழைப்பழ வாசனை

தைத்து முடித்ததும் துணியின் மேல் 'டோப்பு' என்று ஒரு திரவத்தைப் பூச வேண்டும். காயக் காய அது துணியை இழுத்துப் பிடிக்கும். கடைசியில் விரலால் சுண்டினால் மேளம் மாதிரி 'டம்' என்று கேட்கும். துணி காற்றைத் தாங்குவது அந்த இறுக்கத்தில்தான். கேட்க நன்றாக இருக்கிறதா? கனிந்து அழுகுகிற வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்த மாதிரி ஒரு வாசனை அதற்கு. தலைமுடியில் ஏறும், சேலையில் ஏறும், சோற்றிலும் ஏறும். ஈரக்காற்று அடித்தால் பூசினது வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அப்புறம் துடைத்து மறுபடியும் முதலிலிருந்து பூச வேண்டும்.

பகலில் கிடங்கு, காலையிலும் மாலையிலும் வீட்டில் என் பழைய வாடிக்கைகள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி தைத்து வாங்கிப் போன ஜாக்கெட்டோடு இரண்டே நாளில் திரும்பி வந்தாள். அளவில் குறை இல்லை, தையலில் குறை இல்லை. பிறகு என்னடி என்றேன். "அக்கா, இத்தப் போட்டுகினு பஸ்ஸுல குந்தினா, பக்கத்துல கீறவங்க எல்லாம் என் பையில பழம் கீதான்னு எட்டி எட்டிப் பாக்கறாங்க."

கன்னியம்மாவின் பசு

வால் பகுதியை மட்டும் தனியாகத் தைத்து, டோப்பு பூசி, வெயிலில் காயட்டும் என்று பொட்டலில் சாய்த்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் சட்டம் மட்டும் நிற்கிறது. பக்கத்தில் ஒரு செவலைப் பசு நின்று, மிச்சத் துணியை ஆற அமர மென்றுகொண்டிருக்கிறது. டோப்பின் ருசி மாட்டுக்குப் பிடிக்கும் என்று சார்ஜெண்டுக்குத் தெரியுமாம், சொல்லத்தான் மறந்துவிட்டாராம். நான் அவரைத் திட்டியது வல்லம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பசுவுக்குச் சொந்தக்காரி கன்னியம்மா மன்னிப்புக் கேட்க வரவில்லை, சண்டைக்கு வந்தாள். "மேய்க்கால்ல கீறதெல்லாம் மாடு துன்றதுக்குத்தான். என் மாட்டுக்கு எதுனா ஆச்சின்னா வுட மாட்டேன்" என்றாள். கத்திவிட்டு அழுதாள். எனக்கும் பயம் வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தப் பசுவுக்கு முன்னால் உட்கார்ந்து, சாணி போடுகிறதா, அசை போடுகிறதா என்று பொழுது சாயும்வரை காவல் காத்தோம். பசு எங்களைத்தான் விசித்திரமாகப் பார்த்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் கன்னியம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. "அதுக்கு அந்த ருசி புடிச்சிப்போச்சி. நாளைக்கி நீங்க இன்னா காயப்போடப் போறீங்கன்னு சொல்லிட்டா, அந்தாண்ட கட்டிக்கறேன்."

தோல் கோட்டு

கார்த்திகை பிறந்துவிட்டது. மேல் இறக்கைகள் முடிந்திருந்தன. மழை விட்ட இடைவெளியில் கீழ் இறக்கைகள் இரண்டையும் மூடிவிட வேண்டும் என்று நான் பறந்துகொண்டிருந்தேன். கீழ் இறக்கைதான் முக்கியம். விமானத்தைச் சாய்த்துத் திருப்புகிற மடிப்புப் பலகை அதன் ஓரத்தில்தான் இருக்கிறது; அதை அசைக்கிற சங்கிலி அதற்குள்ளே ஓடுகிறது. சார்ஜெண்ட் சங்கிலியை மாட்டி, முடுக்கி, எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது மணிமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. மகளுக்குப் பிரசவ வலி. வேலையை முடித்துவிட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அன்றைக்குத்தான் கேப்டன் ஒரு மூட்டையைப் பிரித்தார். உள்ளே அவர் வாலிபத்தில் போட்ட தோல் கோட்டும், கண்ணை மூடுகிற பெரிய கண்ணாடியும். மேலே குளிருமாம். போட்டுப் பார்த்தார். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே ஒரு சாண் வயிறு. நாளெல்லாம் வாடிக்கைகளிடம் கேட்கிற பேச்சைக் கேப்டன் வாயிலிருந்தும் கேட்டேன்: "துணிதான் சுருங்கியிருக்கு." தோல் சுருங்காது சார் என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பிரித்து ஒட்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரகடத்துப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, போட்டிருந்த கண்ணாடி ஆடுகிறது என்று முனகிக்கொண்டே அதில் ஏதோ செய்துகொண்டிருந்தார். நான் இறக்கையைத் தைக்கும் மும்முரத்தில் இருந்தேன். இறங்கி வந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பழைய சேலையில் சுற்றி ஆணியில் மாட்டினேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வயிறு மட்டும் இல்லன்னா எனக்கு இப்பவும் இருபது வயசுதான் பிலோமினா."

காலி நிழல்

கிடங்குச் சுவரில் சார்ஜெண்டின் பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டில் வரைந்து, அதன் மேலேயே ஆணி அடித்திருப்பார். சாயங்காலம் எல்லாக் கருவியும் தன் தன் நிழலில் தொங்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் அது கிடைக்கிறவரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. மகளுக்குத் துணையாக இருந்துவிட்டு, பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு சர்க்கரைப் பொட்டலம் எடுத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, நான் இரண்டு கீழ் இறக்கைகளையும் தைத்து, வெயில் கண்ட நேரமெல்லாம் டோப்பு பூசி, காயவைத்து முடித்திருந்தேன். கார்த்திகை கழிகிற நேரம். சுண்டினால் மேளம். பாராட்டுவார் என்று நின்றேன். அவர் நேராகப் பலகையைப் பார்த்தார். சின்னத் திருப்புளியின் நிழல் காலியாக இருந்தது.

தேடாத இடம் இல்லை. கிடங்கைப் பெருக்கி மண்ணைச் சலித்தோம். என் தையல் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். கன்னியம்மாவைக் கேட்டோம்; மாடு இரும்பு தின்னாது என்று முறைத்தாள். கேப்டனைக் கேட்டோம். "திருப்புளியை நான் எதுக்குய்யா தொடப் போறேன்?" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. சார்ஜெண்ட் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தது அவர்தான். சங்கிலியை முடுக்கின கையோடு, மகள் நினைப்பில், இறக்கைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மேலே போனபிறகு அது உருண்டுபோய்ச் சங்கிலியில் சிக்கினால் விமானம் திரும்பாது. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாந்தான் வுட்டிருப்பேன். ரெண்டையும் வெட்டிப் பாத்துடணும்மா."

மூன்று பேர் காது

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. என் கையைக் கொடுத்து, விரல் வெடித்து, மழையோடு மல்லுக்கட்டி மூடின துணி. வெட்டினால் உறை முதல் டோப்பு வரை எல்லாம் மறுபடி. மார்கழிக்குள் முடியுமா? மழை விடுமா? கேப்டன் வாசலில் போய் நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு, "உள்ளே இருக்காது கோதண்டம். அப்படியே போயிடலாம். ஓட்டப் போறது நான்தானே" என்றார். "முன்சீட்டுல குந்தப் போறது இது" என்று சார்ஜெண்ட் என்னைக் காட்டினார்.

ஆட்டிப் பார்த்தால் சத்தம் கேட்கும் என்றேன். இறக்கையை ஆட்டிவிட்டு மூன்று பேரும் மேலே காதை வைத்துக் கேட்டோம். கேப்டனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சார்ஜெண்டுக்கு ஏதோ உருளுவது கேட்டது. எனக்கு முதலில் கேட்கவில்லை, அப்புறம் கேட்டது, அப்புறம் சந்தேகமாகிவிட்டது. கேப்டன் முகத்தைப் பார்த்தேன். பாவம், அந்த மனுஷன் ஒரு வார்த்தை, வெட்ட வேண்டாம் என்ற ஒரு வார்த்தை, என் வாயிலிருந்து வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தைத்தவளுக்கே சந்தேகம் என்றால் அந்தத் துணியை நம்பி ஒருவரை எப்படி மேலே அனுப்புவது? கத்தரிக்கோலை எடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நானே வெட்டினேன்.

இடது இறக்கையில் காய்ந்த பசைத் துண்டு ஒன்று உருண்டது. வலது இறக்கையில் அதுவும் இல்லை. திருப்புளி எங்கேயும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். இல்லாத சாமானுக்காக இரண்டு இறக்கையைக் கொன்றுவிட்டோமே என்று கத்தினேன். சார்ஜெண்ட் கிழிந்த துணியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இல்லன்னு தெரிஞ்சிக்கத்தாம்மா வெட்னோம்."

முன்சீட்

அப்புறம் நான் யாருக்கும் ஜாக்கெட் தைக்கவில்லை. வாடிக்கைகள் திட்டினார்கள், திட்டட்டும். மழை இரக்கப்பட்டது. ஊசி வாங்க கேப்டன், டோப்பு பூச சார்ஜெண்ட், பசுவைப் பிடித்துக்கொள்ள கன்னியம்மா. சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து இறக்கையைச் சுண்டிப் பார்த்துச் சரி என்று சொன்னபோது மார்கழியின் கடைசி வாரம். புதுத் திருப்புளி வாங்கலாம் என்று கேப்டன் சொன்னதற்குச் சார்ஜெண்ட் ஒப்பவில்லை. காலி நிழல் காலியாகவே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப் போகும்.

பறக்கிற அன்றைக்குக் கன்னியம்மா பொட்டலிலிருந்து மாடுகளை ஓட்டினாள். கேப்டன் தோல் கோட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். நான் மாதாவை வேண்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி, பெல்ட்டைக் கட்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். சார்ஜெண்ட் விமானத்தின் மூக்கில் இருந்த விசிறியைக் கையால் சுற்றிவிட்டார். குலுக்கல், சத்தம், புழுதி, திடீரென்று குலுக்கல் நின்றுவிட்டது. பின்சீட்டுக்காரர் பேசுவது ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காதில் விழும். "பயமா இருக்கா?" என்றார். "பேசாம ஓட்டுங்க சார்" என்றேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஆவல் இருக்கிறதே, அது சும்மா விடுமா? கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது என் தையலைத்தான். முடிச்சு முடிச்சாக, ஒன்றுகூட அசையாமல், அது காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் கீழே பார்த்தேன். மணிமங்கலம் ஏரி ததும்பிக் கிடந்தது. எங்கள் தெரு தெரிந்தது. என் வீட்டுக் கொடியில் யாருடைய ஜாக்கெட் துணியோ காய்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினார் கேப்டன். பிறகு, "பிலோமினா, கோபப்படக் கூடாது" என்றார். என்ன சார் என்றேன். "கைக்குட்டை எடுக்கலாம்னு உள்பையில கையை விட்டேன். அந்தத் திருப்புளி இங்கே இருக்கு. கண்ணாடி ஸ்க்ரூவை முடுக்க நான்தான் எடுத்திருக்கேன் போல."

திரும்பக்கூட முடியாமல் பெல்ட். திரும்பினாலும் அந்த உயரத்தில், ஓட்டுகிற மனுஷனை என்ன செய்வது? எனக்கு வாயில் வந்ததையெல்லாம் காற்று அடித்துக்கொண்டு போனது. திட்டித் திட்டி, எங்கேயோ ஓர் இடத்தில் அது சிரிப்பாக மாறிவிட்டது. பின்னால் அவரும் சிரிப்பது கேட்டது. கொஞ்சம் கழித்து, அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. இந்த வாரத்தோடு அவர் லைசென்ஸ் முடிகிறது என்று எனக்கும்தான் தெரியுமே. "இறங்கிடலாமா?" என்றார். மணிக்கூண்டிலிருந்து உட்கார்ந்தே இறங்கி வந்த நான் சொன்னேன்: "இன்னொரு சுத்து போங்க சார். எனக்கு வீட்டுல ஒரு வேலையும் இல்ல."

இறங்கினபிறகும் கேப்டன் கொஞ்ச நேரம் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தபடியே திருப்புளியை நீட்டினார். சார்ஜெண்ட் வாங்கி, வேட்டியில் துடைத்து, அதன் நிழலில் கொண்டுபோய் மாட்டினார். இத்தனை நாளாகத் தன் கையைச் சந்தேகப்பட்ட மனுஷன், அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகையைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ரெண்டு ரெக்கைய வெட்னோம். இவுரு பாக்கெட்டத்தான் வுட்டுட்டோம்."

ஆகவே தையல்காரச் சகோதரிகளே, எதையும் பிரிப்பதற்கு முன்னால், பக்கத்தில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்கிற ஆண்பிள்ளையின் பையை முதலில் தடவிப் பாருங்கள்.